உட்கார்ந்திருந்தவள் வரவில்லை

மூப்பர். ஆஜர்.

மூப்பரின் மனைவி. ஆஜர்.

தையற்காரர். ஆஜர்.

தையற்காரரின் தம்பி, கரும்பு ரயில் பாதையில் வேலை பார்த்துக் கால் நொண்டியானவர். ஆஜர்.

கடைக்காரர். ஆஜர். தாமதம்.

கடைக்காரரின் தங்கைகள் இரண்டு பேர். ஆஜர், ஆஜர்.

காது கேட்காத ஒரு விதவை. பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்ததும் ஆஜர்.

அக்காவின் மகள். ஆஜர்.

அக்கா. மூன்றாவது பாயில், ஜன்னலுக்குக் கீழே, முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். பேர் கூப்பிட்டபோது பதில் சொல்லவில்லை. வரவில்லை என்று நோட்டில் எழுதப்பட்டது.

எழுதியவன் நான். நானும் ஆஜர்.

பிஜித் தீவில், லோவு என்ற ஊரில் எங்கள் கிறிஸ்தவச் சபை இது. சபை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கூரை, பலகைச் சுவர், ஆறு தாழம்பாய். சுற்றிலும் கரும்பு. அக்கா எனக்குச் சொந்த அக்கா இல்லை. பக்கத்து நிலத்துக்காரி. புருஷன் செத்து வெகுநாள். எல்லோருக்கும் அவள் அக்காதான்.

எங்கள் பெரியவர்கள் மதராசில் கைநாட்டு வைத்துக் கப்பல் ஏறியவர்கள். ஐந்து வருஷம் கிர்மிட், அதாவது ஒப்பந்தக் கூலி. லைன் என்ற நீளக் கொட்டகையில் அடைந்து கிடந்தார்கள். விடிவதற்கு முன்பு தண்டவாளத் துண்டில் அடிப்பார்கள். எல்லோரும் வெளியே வந்து வரிசையில் நிற்க வேண்டும். சர்தார், அதாவது கங்காணி, பேர் கூப்பிடுவான். ஆஜர் சொல்ல வேண்டும். சொல்லாதவனுக்குப் பிரம்பு. சர்தாரும் நம் ஆள்தான். அதனால் வலி குறைந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கிர்மிட் முடிந்தது. ஆளுக்குக் கொஞ்சம் குத்தகை நிலம், ஒரு ஜோடி மாடு. எல்லோரும் விடுதலை. சபையில் ஜெபம் செய்யும்போது அந்த வார்த்தையைத்தான் அதிகம் சொன்னார்கள். விடுதலை தந்தீர், விடுதலை தந்தீர் என்று.

சபையை நடத்திய முந்தின மூப்பர் இருந்தவரை இந்தக் கணக்கு ஒன்றும் இல்லை. வந்தவர் வந்தார், பாடினார், போனார். அவர் செத்த பிறகு இவர் வந்தார். இவர் பழைய சர்தாரின் மகன். வந்ததும் இரண்டு காரியம் செய்தார். ஆளில்லாமல் கிடந்த லைனுக்கு மாட்டுவண்டி ஓட்டிப் போய் அந்தத் தண்டவாளத் துண்டைக் கொண்டுவந்தார். சபை வாசல் மாமரத்தில் தொங்கவிட்டார். மணி வாங்க வசதி இல்லை, இதுவே போதும் என்றார். பிறகு ஒரு நோட்டு வாங்கி என்னிடம் கொடுத்தார். தென்னிந்தியர் சங்கம் நடத்திய பள்ளியில் நாலு வருஷம் படித்தவன் நான். தமிழ் எழுத வரும். அது போதும் என்று என்னைப் பிடித்தார்.

ஆட்கள் கோபப்படுவார்கள் என்று நினைத்தேன். படவில்லை. அவர்களுக்குப் பிடித்திருந்தது. முன்பு எட்டு மணிக்கு ஆடி அசைந்து வந்தவர்கள் தண்டவாளச் சத்தம் கேட்டதும் ஓடி வந்தார்கள். தையற்காரர் ஆஜர் சொல்லும்போது எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். அப்படி நிற்கும்படி யாரும் சொல்லவில்லை. அவருக்கே தோன்றியது. அடுத்த வாரம் கடைக்காரரும் நின்றார். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அதுதான் ஆறவில்லை. மேலே கூப்பிட ஒருத்தன் இல்லாமல் அவர்களால் இருக்க முடியவில்லை. வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போனதை நாங்களே வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

கரும்பு லாரி ஓட்டும் முஸ்லிம் ஒருவர் என்னைக் கேட்டார். அவரும் மலபார்ப் பக்கத்திலிருந்து வந்த கிர்மிட்காரர் மகன்.

"ஏன்டா, உங்க கோயில்ல ஆள் எண்றாங்களாமே? நாங்க தெனம் அஞ்சு வேளை தொழறோம். ஒருத்தனும் எண்றதில்ல. உங்க சாமிக்கு கணக்கு மறந்துபோகுமா?"

நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன்.

அக்கா முதல் ஞாயிறே பதில் சொல்லவில்லை. மூப்பர் இன்னொரு தடவை கூப்பிட்டார்.

"அக்கா, காது கேக்கலியா?"

"கேக்குது தம்பி."

"அப்ப ஆஜர் சொல்லு."

"உனக்குக் கண்ணு தெரியலியா தம்பி?"

கடைக்காரரின் தங்கைகள் சிரித்தார்கள். மூப்பரின் மனைவி திரும்பிப் பார்த்ததும் நிறுத்தினார்கள்.

"எல்லாரும் சொல்றாங்கல்ல? சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்."

"உங்கப்பன் கூப்பிட்டப்ப சொன்னேன். அஞ்சு வருசம் சொன்னேன். கிர்மிட் முடிஞ்ச அன்னிக்கு, இனிமே எவன் கூப்பிட்டாலும் இந்த வார்த்தைய சொல்றதில்லன்னு ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன். அவரு சரின்னுட்டாரு."

"ஆண்டவர் உன்கிட்ட சரின்னு சொன்னாரா?"

"வேணாம்னு சொல்லல."

மூப்பர் என் பக்கம் திரும்பினார். "வரவில்லைன்னு போடு."

போட்டேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அன்றைக்குப் பிரசங்கம் இயேசு மலைமேல் சொன்ன முதல் பாக்கியத்தைப் பற்றி. எளிமையுள்ளவர்களுக்கே மோட்சம் என்பது. மூப்பர் விளக்கினார்.

"எளிமைன்னா என்ன? பணிவு. பணிவுன்னா என்ன? கூப்பிட்ட உடனே பதில் சொல்றது. சில பேருக்கு அது இல்ல."

அக்கா மடியில் இருந்த பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து அடுத்த பாட்டைத் தேடினாள். அவளுக்கு எழுத்து தெரியாது. முந்தின மூப்பர் ஒவ்வொரு பாட்டுக்கும் ஓரத்தில் ஒரு படம் போட்டுக் கொடுத்திருந்தார். கோழி, குடை, நிலா. பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

அடுத்த இரண்டு ஞாயிறும் இதேதான். சபைச் சட்டம் ஒன்று இருந்தது. அதுவும் இவர் போட்டதுதான். நாலு ஞாயிறு தொடர்ந்து வராதவர் பேர் வெட்டப்படும். பேர் இல்லாதவர் வீட்டுக்கு ஓலை வாசிக்கப்படாது. ஓலை என்பது கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிறு சபையில் வாசித்தால்தான் கல்யாணம்.

அக்காவின் மகளுக்கு நவுசோரியில் மாப்பிள்ளை பார்த்திருந்தது. மாப்பிள்ளையின் தாய் கண்டிப்பானவள். ஓலை வாசித்து, சபையில் நடந்தால்தான் கல்யாணம், இல்லையென்றால் சுவாப் பக்கம் வேறு பெண் இருக்கிறது என்று எழுதியிருந்தாள். கல்யாணம் செய்துவைக்கும் அதிகாரம் எங்கள் மூப்பருக்கு இல்லை. தலதலா வர வேண்டும். தலதலா என்றால் பிஜிக்காரப் போதகர். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவார். அடுத்த ஞாயிறு ஓலை தொடங்கினால்தான் அவர் வரும் வாரத்துக்குள் மூன்று தடவை வாசித்து முடிக்க முடியும். அந்த ஞாயிறுதான் அக்காவுக்கு நாலாவது.

மூப்பர் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். சனிக்கிழமை என்னை அவள் வீட்டுக்கு அனுப்பினார். போய்ச் சொன்னேன்.

"ஒரே ஒரு தடவ சொன்னா போதுமாம் அக்கா. அப்புறம் வருசம் பூரா சொல்ல வேணாமாம்."

அக்கா மாட்டுக்குக் கரும்புத் தோகை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவன் அனுப்பினானா?"

"ஆமா."

"சின்ன வயசுல மூக்கு ஒழுகிட்டு லைன்ல அம்மணமா ஓடுவான். அவங்கம்மா வயலுக்குப் போயிருவா. நான்தான் தொடச்சு விடுவேன். இப்ப ஆளு அனுப்புறான்."

மகள் உள்ளேயிருந்து வந்தாள். அவளுக்குத் தமிழ் பாதி, இந்தி பாதி.

"ஒரு வார்த்தைதானே அம்மா. போல் தோ. சொல்லிட்டா முடிஞ்சிது."

"உனக்கு அது ஒரு வார்த்தை."

"எல்லாரும் சொல்றாங்க. யாருக்கு என்ன ஆச்சு?"

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"உனக்கு முன்னால ஒண்ணு இருந்திச்சு. ஆறு மாசம். காய்ச்சல். பேரு கூப்பிட்டாங்க. குழந்தய பாயில போட்டுட்டு வந்து நின்னு, ஆஜர்னு சொன்னேன். சாயங்காலம் வந்து பாத்தேன்."

கத்தியை எடுத்து மறுபடி நறுக்கினாள். மகள் என்னைப் பார்த்தாள். நான் தோகைக் கட்டைத் தூக்கி மாட்டுக்குப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிறு வந்தது. தண்டவாளத்தை அடித்தார்கள். எல்லோரும் ஓடி வந்தார்கள். அக்காவும் வந்தாள், ஓடாமல். அதே பாய், அதே ஜன்னல். அவள் ஒரு வாரமும் தவறியதில்லை. என் நோட்டில் மட்டும்தான் அவள் இல்லை.

மூப்பர் பேர் படித்தார். தையற்காரர் எழுந்து நின்றார், உட்கார்ந்தார். காது கேட்காத விதவையை இடித்தார்கள், சொன்னாள். அக்காவின் பேர் வந்தது. மூப்பர் நிறுத்திக் காத்திருந்தார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அது வேத புத்தகம் படிக்கும்போது வருவது இல்லை.

"ஆஜர்."

சொன்னது மகள். தலையைக் குனிந்துகொண்டு, தாயின் பேருக்குச் சொன்னாள்.

மூப்பர் யோசித்தார். பிறகு, "குடும்பத்துல ஒருத்தர் சொன்னா போதும்," என்றார். அப்படி ஒரு சட்டம் அதுவரை கிடையாது. அவருக்கு வேண்டியது அந்தச் சத்தம். எந்த வாயிலிருந்து வந்தாலும் சரி.

அக்கா எழுந்தாள். பாட்டுப் புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். போகும் வழியில் மகளின் தலையில் கையை வைத்தாள். அழுத்தவில்லை, தடவவில்லை, வைத்து எடுத்தாள். வாசலைத் தாண்டிக் கரும்புப் பாதையில் இறங்கிப் போய்விட்டாள்.

"என்ன பாக்குற? ஆஜர் போடு," என்றார் மூப்பர்.

பாய் காலியாக இருந்தது. ஆஜர் என்று எழுதினேன். மூன்று வாரம் உட்கார்ந்திருந்தவளை வரவில்லை என்று எழுதினேன். போனவளை வந்தாள் என்று எழுதினேன். அந்த நோட்டில் நான் எழுதியதில் உண்மை எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள்.

முதல் ஓலை அன்றைக்கே வாசிக்கப்பட்டது. மூப்பர் குரல் கணீரென்று இருந்தது.

கல்யாணத்தன்று அக்கா உள்ளே வரவில்லை. மாமரத்தடியில் வண்டி நுகத்தில் உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலை, தலையில் பூ. ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. மாப்பிள்ளையின் தாய் அக்காவைப் பற்றிக் கேட்டாள், அவளுக்கு உடம்பு சரியில்லை என்று மூப்பரின் மனைவி சொன்னாள். தலதலா முடித்துவிட்டு வெளியே வந்து அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பெரிய உடம்பு. இந்தியில் கேட்டார், உள்ளே ஏன் வரவில்லை என்று.

"உள்ள என் பேரு இருக்கு. நான் இங்க இருக்கேன்," என்றாள் அக்கா, அதே இந்தியில்.

அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. தலையை ஆட்டினார். பிஜி மொழியில் ஒரு ஜெபம் செய்தார். அவளுக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. ஆமென் சொன்னாள். அந்த வார்த்தை சொல்ல அவளுக்கு ஒரு தடையும் இல்லை.

சாப்பாடு அவள் வீட்டில். சபை முழுக்க வந்தது. பேர் கூப்பிடாமலே வந்தார்கள். மூப்பர் முன் வரிசையில் உட்கார்ந்தார். அக்கா தன் கையால் பரிமாறினாள்.

"ரசம் நல்லா இருக்கு அக்கா."

"இன்னும் ஊத்தட்டுமா தம்பி?"

"ஊத்து, ஊத்து."

ஊற்றினாள். அவர் கையில் வழித்துக் குடித்தார். அவள் தோற்றுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு குடித்தார். பக்கத்தில் தையற்காரர் அவரைப் பார்த்துத் தானும் ரசம் கேட்டார். விடுதலை பெற்ற ஜனம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் இலையை மூடினேன்.

அடுத்த ஞாயிறு நோட்டை மூப்பரின் வீட்டு வாசலில் வைத்துவிட்டேன். தையற்காரர் எழுத ஆரம்பித்தார். அவர் கையெழுத்து என்னுடையதைவிட அழகு. என் பேருக்கு நேரே நாலு வாரம் வரவில்லை என்று போட்டுப் பேரை வெட்டினார்கள். என் விஷயத்திலாவது அது உண்மை.

முதல் வாரம் தண்டவாளம் அடித்தபோது பழக்கத்தில் எழுந்துவிட்டேன். கால் தானாக வாசலுக்குப் போனது. என்னைப் பற்றியும் எனக்குப் பெரிய மதிப்பு ஒன்றும் இல்லை. நின்றேன். திரும்பி, முகம் கழுவி, மெதுவாகக் கரும்புப் பாதையில் நடந்து அக்கா வீட்டுக்குப் போனேன்.

மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒரு பாய் விரித்திருந்தாள். பாட்டுப் புத்தகம் திறந்திருந்தது. குடைப் பக்கம். நான் வந்ததைப் பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் பாடினாள், எனக்குப் பாட வராது. முடிந்ததும் ஏதோ சொல்லி அழுதாள், மகள் பேர் காதில் விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சபையிலிருந்து இன்னும் யாராவது வருவார்கள் என்று பாதையைப் பார்த்தேன். அன்றைக்கு வரவில்லை. அந்த வருஷம் முழுக்கப் பார்த்தேன். அக்காவும் நானும்தான்.

இரண்டு பேர்.