லோகேஸ்வரி படித்த மருந்தும் பாலன் விழுங்கிய மாத்திரையும்

மனைவி படிக்கப் போனதில் பாலனுக்கு வருத்தமே இல்லை. கிள்ளானில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் அவர். பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போய்விட்ட பிறகு வீட்டில் அலுத்துக்கொண்டிருந்த லோகேஸ்வரியை, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்லூரியில் மருந்தக உதவியாளர் படிப்பில் சேர்த்துவிட்டதே அவர்தான். முதல் நாள் ரயிலடிவரை கொண்டுபோய் விட்டு, பெருமையாகக் கையும் அசைத்தார். கேதீஸ்வரன் என்று ஒருவர் அங்கே இருப்பார் என்பதைத்தான் அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

கேதீஸ்வரனும் லோகேஸ்வரியின் வகுப்புதான். அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டவர். யாழ்ப்பாணக் குடும்பம், நல்ல ஆங்கிலம். இவ்வளவும் லோகேஸ்வரி சொன்னது. ஆள் நிமிர்ந்த தோற்றம், நரைமுடிகூட அவருக்கு எடுப்பாக இருக்கிறது என்பதை அவள் சொல்லவில்லை. அவள் குளிக்கப் போன சமயம், வகுப்பில் எடுத்த படத்தைப் பாலனே அவள் ஃபோனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலமானால் இருவரும் ஃபோனில் பாடம் படிப்பார்கள். அவள் சமையலறையில் ஸ்பீக்கரைப் போட்டுப் பேசுவது, கூடத்தில் சாப்பிடும் பாலனுக்கு எல்லாம் கேட்கும்.

"கடைசி எழுத்தப் பாருங்க லோகேஸ். அத்தெனோலோல், பிசோப்ரோலோல். லோல்னு முடிஞ்சா பீட்டா பிளாக்கர். எல்லாம் ஒரே குடும்பம் லா."

"அப்போ பிரில்னு முடிஞ்சா?"

"உங்க வீட்டுக்காரர் பிரஷருக்குச் சாப்பிடறாரே, பெரிண்டோபிரில், அந்தக் குடும்பம்."

லோகேஸ்வரி சிரித்தாள். பாலன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். அவர் மனைவியை 'இங்க பாரு' என்றே கூப்பிட்டுப் பழகியவர். யாரோ ஒருத்தன் வாயில் அவள் 'லோகேஸ்' ஆகிவிட்டாள். போதாததற்குத் தன் ரத்தக் கொதிப்பும் அவனுக்குப் பாடமாகிவிட்டது.

அந்த வாரம் பேருந்தின் கிளட்ச் மிதித்து மிதித்து அவருடைய இடது முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. மனைவியிடம் கேட்கத்தான் போனார். அவள் ஃபோனைக் காதில் வைத்தபடியே, ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினாள். பாலன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். விரலும் இறங்கவில்லை, பேச்சும் முடியவில்லை. திரும்பி வந்து படுத்துவிட்டார்.

மறுநாள், கூட ஓட்டும் ஜீவன் தன் சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டை மாத்திரையை எடுத்து நீட்டினார். "டைக்ளோஃபெனாக். என் தம்பிக்குக் கிளினிக்ல கொடுத்தது. போட்டுப் பாருண்ணே, வலி போன எடம் தெரியாது."

வலி போகத்தான் செய்தது. வீட்டில் ஒருத்தி மருந்து படிக்கும்போது வெளியே மருந்து வாங்கித் தின்கிறோம் என்பதில் பாலனுக்கு ஒரு குரூரமான திருப்தியும் இருந்தது. அட்டை தீர்ந்ததும் ஜீவனிடம் இன்னொன்று கேட்டு வாங்கினார்.

ஒரு சனிக்கிழமை, காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகிறேன் என்று மகனிடம் சொல்லிவிட்டு ரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனார். கல்லூரிக்குப் பக்கத்து வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். இலைகளை எடுத்துவிட்டு, மேசை நிறைய மருந்துப் பெயர் எழுதிய அட்டைகளைப் பரப்பியிருந்தார்கள். கையைப் பிடிக்கவில்லை, கண்ணோடு கண் பார்க்கவில்லை. லோகேஸ்வரி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் ஆட்டி, கண்கள் விரிய, மூச்சு விடாமல் பேசினாள். கேதீஸ்வரன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அந்த முகத்தைப் பாலன் பார்த்ததே இல்லை. கையைப் பிடித்திருந்தால்கூட உள்ளே போய் ஒரு சத்தம் போட்டிருக்கலாம். இதற்கு என்ன சொல்லிச் சத்தம் போடுவது? எதிரே சேலைக் கடை வாசலில் நின்று பார்த்தவர், உள்ளே போகாமலே ரயிலடிக்குத் திரும்பினார்.

வீடு வந்து செருப்பைக் கழற்றியபோது பாதத்தில் வார் பதிந்த தடம் ஆழமாக இருந்தது. இரண்டொரு நாளில் காலுறை ஏற மறுத்தது. துணி மடித்துக்கொண்டிருந்த லோகேஸ்வரி அதைப் பார்த்துவிட்டாள். கீழே உட்கார்ந்து அவர் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

"என்னங்க இது? வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களா?"

"இல்ல."

"நாட்டு மருந்து? வலிக்கு ஏதாவது?"

"உன் கேதீஸ்வரனக் கேளு, அவருக்குத்தான் எல்லாம் தெரியும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபிக்கவில்லை. "அவர எதுக்குக் கேக்கணும்? கால் உங்களுது. நான் உங்களத்தான் கேக்கறேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் ஃபோன் அடித்தது. யார் என்று பாலனுக்குத் தெரியும். அவள் திரும்பவே இல்லை. பாலன் எழுந்து போய்ச் சட்டைப்பையிலிருந்த அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

பெயரைப் படித்ததும் அவள் சட்டென்று எழுந்தாள். "இத பிரஷர் மாத்திரையோட சேத்தா போட்டீங்க? இது உடம்புல தண்ணியத் தேக்கும், பிரஷர ஏத்தும். ரெண்டும் சேந்தா கிட்னிக்கு ஆபத்துங்க. கெளம்புங்க, டாக்டரப் பாத்துடலாம்."

ரத்தக் கொதிப்பு ஏறியிருந்தது. சிறுநீரகப் பரிசோதனையிலும் கொஞ்சம் பிசகு. டாக்டர் வலி மாத்திரையை நிறுத்தி, முழங்காலுக்கு வேறு வழி சொன்னார். சில வாரங்களில் வீக்கம் வடிந்தது, அடுத்த பரிசோதனையும் தேறியது. அந்தப் பரிசோதனை முடிந்து திரும்பி வரும் வழியில்தான் லோகேஸ்வரி கேட்டாள்: "என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேக்கத்தான் வந்தேன். ஒரு நிமிஷம்னு விரலக் காட்டுன."

"காட்டியிருப்பேன்," என்றாள் அவள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

அதன் பிறகு பிரில், சார்த்தான், ஸ்டாட்டின் என்று முடியும் மருந்துப் பெயர்களைப் பாலனோடு படித்தாள். அவர் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தாள். மருந்தளவுக் கணக்குக்கு மட்டும் கேதீஸ்வரனைக் கூப்பிட்டாள், அது பாலனுக்கு வராது. அந்த நேரத்தில் அவர் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவினார்.

படிப்பு முடிந்து, இப்போது அவள் சுங்கை பூலோவில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். கேதீஸ்வரனுக்கு வேலை வேறு பக்கம், அம்பாங்கில். பாலன் சில நாள் அவளை அழைத்துவரப் போவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எவரோ ஒரு பெரியவரிடம் மாத்திரையைக் காட்டி, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கையாட்டி விளக்கிக்கொண்டிருப்பாள். அந்தப் பெரியவருக்கு எண்பது வயதிருக்கும். அப்படியும் பாலனுக்கு நெஞ்சில் சுருக்கென்று தைக்கும்.