முன்னாடி, பின்னாடி

கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடை. அதில் பட்டுப்புடவைப் பிரிவில் நிற்பவள் எழில்மதி. வடக்கனந்தல்காரி, வயது இருபத்திரண்டு. ஊரில் அவளைப் பூசினாப்போல இருக்கிறாள் என்பார்கள். நல்ல வார்த்தை என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். பக்கத்துப் பிரிவு தேவதர்ஷினிதான் அதற்குப் புது அர்த்தம் சொன்னாள்.

"பூசினாப்லன்னா குண்டுன்னு அர்த்தம்டி, மக்கு. மூஞ்சிக்கு நேரா சொல்லமாட்டாங்க, அவ்ளோதான்."

தேவதர்ஷினியை இன்ஸ்டாவில் நாற்பதாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். ஒரே பஸ், ஒரே டிபன் டப்பா என்று திரிந்த சிநேகிதி பொய்யா சொல்வாள்? அவள் விற்ற இளைக்கும் பவுடரை எழில்மதி இரண்டு மாதம் வெந்நீரில் கரைத்துக் குடித்தாள். மதியச் சோறு கிடையாது. கண் இருட்டிக்கொண்டு வந்தால் புடவை அலமாரியைப் பிடித்துக்கொள்வாள். இளைத்தாளோ இல்லையோ, கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்காமல் போயிற்று.

ஒரு நாள் பில் போடும் தமிழ்மொழி போனை நீட்டினாள். "உன் கூட்டாளி ரீலு பாத்தியா? ரெண்டு லட்சம் பேர் பாத்துக்கினு இருக்காங்க."

பவுடர் குடிப்பதற்கு முன்னாடி, பின்னாடி என்று இரண்டு படங்கள். இரண்டிலும் கடையின் மெரூன் யூனிபார்ம் புடவை. 'பின்னாடி' என்று போட்டதில் தேவதர்ஷினி சிரித்துக்கொண்டு நிற்கிறாள். 'முன்னாடி'யில் முகம் தெரியாத ஒரு முதுகு. ஒரே பெண் இல்லை என்று யார் சொல்வார்கள்? ஆனால் அந்த முதுகின் ஜாக்கெட்டில், அக்குளுக்குக் கீழே, வேறு மெரூனில் ஓர் ஒட்டு. கடை கொடுத்த ஜாக்கெட் இறுக்கிப் பிடிக்கிறது என்று எழில்மதியின் அம்மா கொளஞ்சியம்மாள் வைத்துத் தைத்தது.

"திரும்புடி, முந்தானை எப்டி வுழுந்துருக்குன்னு காட்டுறேன்" என்று தேவதர்ஷினி எடுத்த படம் அது. பின்னால் நின்று எடுத்துவிட்டு முன்னாடி என்று பேர் வைத்திருக்கிறாள், கெட்டிக்காரிதான்.

கீழே ஒருவன் "தண்ணி லாரி" என்று எழுதியிருந்தான். அதற்குத் தேவதர்ஷினியே நாலு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எழில்மதி போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

சாப்பாட்டு அறையில் தேவதர்ஷினியின் முன்னால் போய் நின்றாள். "இன்னாடி இது?"

"மூஞ்சிதான் தெரியலையே. உனக்கு இன்னா நஷ்டம்?"

"அப்போ நீ அந்தப் பவுடரு குடிக்கவே இல்லையா?"

"நான் எதுக்குக் குடிக்கணும்? பொறந்ததுலேர்ந்தே நான் இப்டித்தான்." தேவதர்ஷினி சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்.

கூட இருந்தே குழி பறிப்பார்கள் என்று எழில்மதி கேள்விப்பட்டிருக்கிறாள். தன் வயிற்றிலேயே பறிப்பார்கள் என்று தெரியாது. அழுகையைவிட ஆத்திரம் முந்திக்கொண்டது. அங்கேயே நின்று அந்த ரீலின் கீழே எழுதினாள்: "இது என் முதுகு. என் பேர் எழில்மதி. நான் இன்னும் இப்படியேதான் இருக்கேன்."

பிரிவுக்குத் திரும்பி, வந்தவர்களுக்கு நாலு புடவை விரித்து, மடித்து வைத்துவிட்டுப் பார்த்தாள். எழுதியதைக் காணோம். தேவதர்ஷினியின் பக்கமே திறக்கவில்லை, பிளாக் செய்துவிட்டிருந்தாள். ரெண்டு லட்சம் பேர் பார்க்கிற தன் முதுகை இனி எழில்மதி மட்டும் பார்க்க முடியாது.