பின்னிருக்கையின் பட்டை

விளாங்குடியில் திண்டுக்கல் சாலையோரம் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் கடை வைத்திருப்பவன் முத்திருளன். நாற்பதை நெருங்கும் வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையை மனைவி கனகாவிடம் ஒப்படைத்துவிட்டு, எழுமலைப் பக்கத்துத் தரிசு நிலத்திலிருக்கும் கிளைடர் சங்கத்திற்குப் போய்விடுவான். கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத விமானம். தரையிலுள்ள இயந்திரம் நீண்ட வடத்தைச் சுற்றி இழுக்க, பட்டம்போல் மேலேறிப் பின்னர் காற்றில் மிதக்கும். பயிற்றுநர் அனந்தராமனைப் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு பறந்து பழகிய முத்திருளனுக்கு, அந்தப் பருவத்தில் தனியாகப் பறக்கும் முறை வந்திருந்தது; வருடத்துக்கு ஒருவருக்குத்தான் அந்த வாய்ப்பு. அவனுக்கு அதைவிடப் பெரிய ஆசை வேறில்லை.

அவனைச் சங்கத்தில் சேர்த்துவிட்டவன் சுருளி. பள்ளித் தோழன், நாகமலை புதுக்கோட்டையில் அலுவலக எழுத்தர். முத்திருளனுக்கு அடுத்த முறை அவனுடையது.

தொழில் தெரிந்தவன் என்பதால், கிளைடரின் இருக்கைப் பட்டைகளைக் கவனிக்கும் பொறுப்பு முத்திருளனிடம் இருந்தது. பட்டையை இறுக்கியபின், அதைப் பூட்டும் பக்கிளை ஒட்டித் தையல் சாக்கட்டியால் குறுக்கே ஒரு கோடு போடுவான். இறங்கும்போது கோடு விலகியிருந்தால், பட்டை நழுவியிருக்கிறது என்று பொருள்.

“ஜாக்கெட்டுக்கு அளவெடுக்குறியா மாப்ள? கை கொஞ்சம் நீளமா வையி,” என்பான் சுருளி.

பழைய பட்டைகள் நைந்துவிட்டதால், உற்பத்தியாளர் அனுப்பிய புதுப் பட்டைகளை முத்திருளன் பொருத்தினான். ஆயுத பூஜையன்று கிளைடருக்கும் சந்தனமிட்டு மாலை சார்த்தினார்கள். அடுத்த ஞாயிறன்று முத்திருளனும் அனந்தராமனும் பறந்தபோது, வெயிலில் சூடேறி மேலெழுந்த காற்று தூக்கிப்போட்ட வேகத்தில் அனந்தராமனின் பட்டை தளர்ந்தது; அவர் தலை கண்ணாடி மூடியில் மோதி நெற்றி கிழிந்தது. தரையிறங்கிப் பார்த்தால், சாக்கட்டிக் கோடு நான்கு விரல் தள்ளியிருந்தது.

மாலையில் சங்கத்தார் கூடியபோது முதலில் வாய் திறந்தவன் சுருளி.

“சொல்லவே சங்கடமா இருக்கு சார். இவன் மாட்டுன புதுப் பட்டைதான் வழுக்குது. கார் சீட்டுன்னு நெனச்சு மாட்டிட்டான் போல.”

முத்திருளன் மறுக்கவில்லை. தன் கையில்தான் பிழை நேர்ந்திருக்கும் என்று அவனும் நம்பினான். அவனுடைய முறை ரத்தாகிச் சுருளிக்குப் போயிற்று.

மறுநாள் கடையில், புதுப் பட்டையில் மிஞ்சியிருந்த துண்டை அதே பக்கிளில் கோத்துத் தன் பாரம் முழுவதையும் போட்டு இழுத்தான். கோடு அசையவில்லை. கிளைடரிலிருந்து கழற்றி வந்த பட்டையைக் கோத்தான், உடனே நழுவிற்று. இரண்டும் ஒரே பட்டையிலிருந்து வெட்டியவை. முகர்ந்து பார்த்தான். எலுமிச்சை வாசம், கார் டேஷ்போர்டு பளபளக்க அடிக்கும் பாலிஷின் வாசம். பூஜைக்கு முதல்நாள் அந்தப் பாலிஷ் பாட்டிலைக் கடையிலிருந்து எடுத்துப்போனவன் சுருளி.

சுருளியின் அலுவலகத்திற்கு எதிரேயிருந்த டீக்கடையில் அவனைப் பிடித்தான்.

“பாலிஷை எதுல அடிச்ச மாப்ள?”

“பைக்குலதான்.”

“உன் பைக்குல ஏதுடா பெல்ட்டு?”

சுருளி டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். “போட்டோ எடுப்பாய்ங்க, பளபளன்னு இருக்கட்டும்னு பின்சீட்டுல அடிச்சேன். இம்புட்டு ஆகும்னு யாருக்குத் தெரியும்?”

“தெரியாம அடிச்ச, சரி. கூட்டத்துல என்னையக் கைகாட்டுனப்பத் தெரியும்ல?”

“சாருக்குத் தெரிஞ்சா என்னையக் கிளைடர்ல ஏத்தவே மாட்டாரு. நீ பட்டையக் கவனிக்கிற ஆளு, உன்னைய ஒரேயடியா விலக்கிற மாட்டாரு. ஒரு வருசந்தானே மாப்ள, பொறுத்துக்கயேன்.”

“எனக்குச் சோறு எறங்கலடா. சார் தலைய நான்தான் ஒடைச்சேன்னு கெடந்தேன்.”

சுருளி டீக்காசைக் கொடுக்க எழுந்துபோனான்.

முத்திருளன் அங்கிருந்து நேரே அனந்தராமனின் வீட்டிற்குப் போய், துண்டையும் பட்டையையும் அவர் முன் வைத்தான். யார் அடித்தது என்று அவர் கேட்டபோது சுருளியின் பெயரைச் சொன்னான். அவர் நெற்றிக் கட்டைத் தடவிக்கொண்டார்.

“பூஜையன்னைக்கு, நல்லா மின்னுதேன்னு நானுந்தான் பாராட்டுனேன்,” என்றார்.

பாலிஷ் ஏறிய பட்டையைக் கழுவிப் பயன்படுத்துவதில்லை என்பதால் வேறு பட்டை வந்தது. முத்திருளனின் முறை அவனிடம் திரும்பிற்று. சுருளி அந்தப் பருவம் முழுவதும் தரை வேலை மட்டும் பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று.

முத்திருளன் தனியாகப் பறக்கவேண்டிய காலையில் காற்று அடங்கியிருந்தது. புறப்படுமுன் விமானியின் தோளில் பூட்டிய பட்டையை இன்னொருவர் இழுத்துப் பார்ப்பது சங்கத்து முறை. சுருளி குனிந்து கை நீட்டினான்.

“கைய எடு,” என்றான் முத்திருளன்.

“எதுக்கு மாப்ள...”

“காளையண்ணே, செத்த இங்கிட்டு வாங்க. இதை இழுத்துப் பாருங்க.”

வடத்தை மாட்டிக்கொண்டிருந்த சங்கத்து வேலையாள் காளை வந்து, இரு தோள்களிலும் பட்டையைப் பிடித்து உலுக்கினார். “கல்லு மாதிரி நிக்குதுப்பா. போயிட்டு வா,” என்றார்.

முத்திருளன் பறந்தான், நன்றாகவே இறங்கினான். எல்லாரும் கைகுலுக்கினார்கள். சுருளியும் நீட்டினான், அந்தக் கையையும் முத்திருளன் குலுக்கினான்.

சுருளி இப்போதும் கடைப்பக்கம் வருவதுண்டு. “வாங்க, உக்காருங்க,” என்று முத்திருளன் நாற்காலியைத் துடைத்துப் போடுகிறான். வாடிக்கையாளர் எல்லாருக்கும் அவன் அப்படித்தான் செய்வான்.