நாகலெட்சுமியின் பின்சக்கரம்

மாரியூர்க் கடற்கரையில் பைக் ஓட்டுகிற பெண் என்று யாரைக் கேட்டாலும் நாகலெட்சுமி வீட்டைக் காட்டிவிடுவார்கள். அவள் ஒருத்திதானே இருக்கிறாள், வேறு யாரைக் காட்டுவது? ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் கண்மாய்த் தண்ணீரில் நெல் விளைகிற ஊரில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் பாறை மீனுக்கும் சீலா மீனுக்கும் வித்தியாசம் தெரியாமல் முழித்ததைப் பார்த்து, கடற்கரைப் பெண்கள் அவளுக்குக் 'கம்மாக்காரி' என்று பேர் வைத்தார்கள். மீன் தெரியாதே தவிர வண்டி நன்றாகத் தெரியும். ஊரில் உர மூட்டை ஏற்றிவர அவளுடைய அய்யா அவளைத்தான் மொபெட்டில் அனுப்புவார்.

மாரியூரில் வள்ளங்கள் கரையேறுகிற இடத்துக்கும் மீன் லாரி நிற்கிற தார் ரோட்டுக்கும் நடுவே காலை வைத்தால் கெண்டைக்கால் வரை புதைகிற மணல். லாரி அதற்குள் வராது. காளீஸ்வரன் என்பவரின் டிராக்டர்தான் மீனை ரோட்டுக்குக் கொண்டுபோகும். நல்ல மனிதர்தான், ஆனால் டிராக்டர் பெட்டி நிறைகிற வரை வண்டியை எடுக்கமாட்டார். முதலில் வந்த மீன் கடைசி மீனுக்காக வெயிலில் காய்ந்து கிடக்கும். இதைப் பார்த்துப் பார்த்து நாகலெட்சுமிக்கு மனசு கேட்கவில்லை. கீழக்கரையில் துபாயிலிருந்து திரும்பிய ஒரு பையன் ஆசைக்கு வாங்கி அலுத்துப்போன காட்டு பைக் ஒன்றைப் பிடித்தாள். டயர் முழுக்கக் கட்டை கட்டையாகப் பல் இருக்கும், மண்ணில் ஓட்டவே செய்த வண்டி. பின்னால் இரண்டு பக்கமும் இரும்புக் கூடை மாட்டி, வள்ளத்துக்கு வள்ளம் மீன் எடுக்கத் தொடங்கினாள்.

மூன்று வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான குருநாதன் நல்ல விலை போகிற தன் கணவாய் முழுவதையும் அவளிடம் கொடுத்தார். அந்த வாடிக்கைதான் அவளுடைய பிழைப்பு.

மணலில் போக வேண்டுமென்றால் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். காற்று முழுசாக இருந்தால் சக்கரம் குழி தோண்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். குறைத்தால் டயர் அகலமாகப் பரவி மணல்மேல் ஏறிப் போகும். ஆனால் காற்று குறைந்ததும் டயருக்கு ரிம்மின் மேல் பிடிப்பும் குறைந்துவிடுகிறது. மீனை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஆக்சிலேட்டரை முறுக்கும்போது ரிம் சுற்றும், டயர் நின்ற இடத்தில் வழுக்கும். டயரோடு உள்ளே இருக்கிற டியூபும் இழுபடும். டியூபின் வால்வு மட்டும் ரிம் ஓட்டையில் மாட்டிக்கொண்டு வேரோடு பிய்ந்துவிடும். வேரில் பிய்ந்த டியூபுக்கு ஒட்டுப் போட முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். இப்படி இரண்டு தடவை நடுமணலில் நின்றாள். இரண்டு தடவையும் லாரி போய்விட்டது.

"இங்க பாரு நாகு, கணவாய்க்கு ஒன் டியூப் கதையெல்லாம் தெரியாது," என்றார் குருநாதன். "இன்னொரு தடவ லாரிய விட்டேன்னா டிராக்டர்ல ஏத்திருவேன். அப்பறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

அவளுடைய புருஷன் மாரிச்செல்வம் ஃபைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப் போடுகிறவன். வீட்டில் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் அதற்கான பசை, ரெசின் டப்பா, இருக்கும். அன்றைக்கு இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"வள்ளமே கடலுக்குள்ள பிரியாம நிக்குது. டயரு எங்கிட்டுப் போயிரும்?" என்றான் அவன்.

ரிம்மை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு விளிம்பிலும் ரெசினைத் தாராளமாகப் பூசி, டயரை மாட்டிக் காற்றடித்துக் காயவைத்தார்கள். கடற்கரைக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. வேலையும் செய்தது. ஆடியிலிருந்து ஐப்பசி வரை டயர் இம்மி நகரவில்லை. மாரிச்செல்வம் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் தன் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஐப்பசியில் ஒரு கருவேல முள் ஏறியது. ராமநாதபுரம் சீமையில் அது ஏறாத டயர் எது? காற்றுப்போன டயரோடு சாயல்குடியில் பாக்கர் கடைக்கு உருட்டிக்கொண்டு போனாள். பாக்கர் ஓமன் பாலைவனத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகை பைக் விடுகிற கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவர். அந்தக் கதையைக் கேட்காமல் அவர் கடையில் யாரும் பஞ்சர் பார்த்துவிட முடியாது. லீவரைப் போட்டு நெம்பினார். லீவர்தான் வளைந்தது. ரிம் விளிம்பில் வள்ளத்துப் பசை இறுகிக் கிடந்தது.

"தங்கச்சி, இதக் கழட்டணுமா, இல்ல கடல்ல எறக்கணுமா?"

அவள் ரெசின் விஷயத்தைச் சொன்னாள். பாக்கர் சிரித்து முடிக்கவே நேரமானது. பிறகு நல்ல டயரை ரம்பத்தால் அறுத்தார்.

"அண்ணே, நாளைக்குக் கணவாய் எடுக்கணும். எப்படியாச்சும் முடிச்சுக் குடுங்க."

"நாளைக்கு ஏலாதும்மா. இந்த ரெசினச் சுரண்டவே பொழுது போயிரும். அதோட ஒனக்கு வேண்டியது ரிம் லாக்கு. அதுவும் புது டயரும் மதுரையிலருந்து பஸ்ல வரணும்."

வந்த ரிம் லாக் பார்க்க ஒன்றுமில்லை. உள்ளங்கை அளவுக்கு வளைந்த தகடு, அதன்மேல் ரப்பர், நடுவில் ஒரு போல்ட். பாக்கர் ரிம்மில் வால்விலிருந்து தள்ளி இரண்டு பக்கமும் துளை போட்டு, பக்கத்துக்கு ஒன்றாக மாட்டினார். தகடு உள்ளேயிருந்து டயரின் விளிம்பை ரிம்மோடு அமுக்கும். வெளியே நட்டை முடுக்கினால் இறுகும். பஞ்சரானால் தளர்த்திக் கழற்றிக்கொள்ளலாம்.

"வால்வு நட்ட ரிம்மோட வச்சு முடுக்காத, மூடிகிட்டத் தூக்கி வச்சுக்க," என்றார். "வால்வு சாஞ்சு நின்னா டயரு நகருதுன்னு அர்த்தம். பிய்யிறதுக்கு முன்னால தெரிஞ்சுரும்."

வண்டி இல்லாத நாட்களில் குருநாதனின் கணவாய் டிராக்டரில் போனது. அவள் திரும்பக் கரைக்கு வந்தபோது அவர் முகம் கொடுக்கவில்லை.

"கணவாய டிராக்டருக்குச் சொல்லியாச்சு. வேணும்னா சாளய எடுத்துட்டுப் போ."

கணவாய் தூக்கிய வண்டியில் மலிவான சாளை மீனா என்று அவளுக்குச் சுருக்கென்றது. காற்றைப் பிடுங்கிவிட்டாள், சாளையை ஏற்றினாள், மேட்டில் முறுக்கினாள். சக்கரம் மணலைக் கடித்துக்கொண்டு ஏறியது. ரோட்டில் இறங்கியதும் முதலில் வால்வைத்தான் குனிந்து பார்த்தாள். நேராக நின்றது. லாரியில் ஏற்றிவிட்டு அடுத்த வள்ளத்துக்குத் திரும்பினாள். அப்போதும் டிராக்டர் அதே இடத்தில் நின்றது. கணவாய் வெயிலில் கிடந்தது.

மத்தியானம் லாரிக்காரன் குருநாதனுக்குப் போன் போட்டான். "சாள வெறப்பா இருக்குண்ணே. கணவாய்தான் செவந்து போச்சு. பாதி வெல கூடத் தேறாது."

மறுநாள் காலை நாகலெட்சுமி வழக்கமான இடத்தில் வண்டியை நிறுத்தினாள். சாளை கொடுத்தால் சாளை என்று நின்றாள். காளீஸ்வரன் டிராக்டரைப் பின்னால் எடுத்து வள்ளத்தை ஒட்டி நிறுத்தினார். குருநாதன் கணவாய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டிராக்டரைத் தாண்டி நடந்து வந்து, அவளுடைய கூடையில் இறக்கினார்.

"என்ன மொதலாளி, இங்கன நான் நிக்கிறேன்," என்றார் காளீஸ்வரன்.

"நீ மத்த வள்ளத்தப் பாருப்பா. நம்ம ஆளு வந்துருச்சு."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கரையில் யாரும் அவளை அப்படிச் சொன்னதில்லை. நாகலெட்சுமிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, லாரி போய்விடுமே என்று வண்டியைக் கிளப்பினாள்.