அம்மாவின் ஒற்றைத் தும்மல்

அம்மா தும்மி நான் பார்த்ததே இல்லை, அந்த ஒரு நாள் வரைக்கும். தும்மல் வராத மூக்கு என்று நினைத்துவிடாதீர்கள். "ஒத்தைத் தும்மலுக்கு உக்காரு, ரெட்டைத் தும்மலுக்கு நட" என்பது எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்துச் சொல். அப்பாவுக்கோ ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை. போர் போட சத்தீஸ்கர், ஒரிசா என்று கிளம்பினால் திரும்பி வர மாதக்கணக்காகும். அப்படிப்பட்டவர் வாசலைத் தாண்டும்போது கட்டியவள் தும்மலாமா? மூக்கை இறுகப் பிடித்து, கண் பிதுங்க, தும்மலை உள்ளேயே விழுங்கிவிடுவாள் அம்மா. நாளாக ஆக, யாரும் கிளம்பாத நாளிலும் அதுவே பழக்கமாகிவிட்டது.

அவளுக்கு இடது காதில் நெடுநாளாகச் சீழ். செவிப்பறையில் ஓட்டை, ஆபரேஷன் செய்து ஒட்டுப் போடலாம் என்றார் சேலத்து டாக்டர். ஆனால் காதைத் தொடுவதற்கு முன்னால் மூக்கைச் சரிசெய்ய வேண்டும் என்றார். மூக்குத்தண்டு வளைந்து அடைத்துக் கிடக்கிறதாம். மூக்குக்குப் பின்னாலிருந்து காதுக்கு ஒரு குழாய் போகிறதாம், அதில் காற்று ஒழுங்காகப் போய்வந்தால்தான் ஒட்டு நிற்குமாம்.

பக்கத்து வீட்டிலிருந்த அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, இது சற்றும் பிடிக்கவில்லை. "காதுன்னு போனா மூக்கைப் புடிக்கிறானா அந்த டாக்டரு?"

அப்பாவுக்கு மட்டும் சட்டென்று விளங்கிவிட்டது. "ரிக்குல காத்து ஏறலீன்னா மொதல்ல கம்ப்ரசரைத்தான் பாக்கோணும்க்கா. அதை உட்டுட்டு எத்தனை அடி எறக்குனாலும் வீண்."

மூக்கு சரியாகி, பிறகு காதும் முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மலை அடக்கவே கூடாது, அடக்கினால் அந்தக் காற்று குழாய் வழியே பாய்ந்து ஒட்டைப் பெயர்த்துவிடும். வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

அம்மா தலையை ஆட்டினாள். தலை கேட்கும், கை கேட்குமா என்பதுதான் என் பயம். அவள் தாளிக்கப் போனால் ஜன்னலைத் திறக்க ஓடுவேன். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாலும் மனம் அம்மாவின் மூக்கிலேயே இருக்கும்.

ஒட்டுப் பிடித்ததா இல்லையா என்று தெரிவதற்குள் ரிக் கிளம்பும் நாள் வந்துவிட்டது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். அப்பா வண்டிப் படியில் கால் வைத்தார். அந்நேரம் பார்த்துக் கற்பூரப் புகை அம்மா பக்கம் திரும்பியது. அவள் மூக்கு துடித்தது. கை தானாக மேலே போயிற்று.

அடக்கினால் காது. தும்மினால் அப்பா. எந்தப் பக்கம் சாமி கும்பிடுவது என்று தெரியாமல் பாவாடையைக் கசக்கிக்கொண்டு நின்றேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் படியில் நின்றபடியே, குழந்தைக்குச் சோறூட்டுகிறவர் போல, தன் வாயை ஆவென்று திறந்து காட்டினார். அவள் கை இறங்கியது. தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு தும்மல். ஒன்றே ஒன்று.

"கொஞ்சம் பொறுத்திருந்தா ஆகாதா அம்மிணி? ஒத்தையாப் போச்சே" என்றாள் அத்தை. அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. இன்னொன்று வராதா என்று எல்லோரும் அவள் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். வரவில்லை.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு 'அச்' என்றார். "ரெண்டாச்சுக்கா. வாரேன்."

"ரெண்டும் ஒரே மூக்குல வரோணும்டா."

"கட்டுனவ மூக்கும் எம்மூக்கும் வேறயா?"

அத்தையால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவுக்குச் சளி பிடித்துவிட்டது, அதுவும் ஊர் தாண்டிப் போகிற நேரத்தில். உள்ளே ஓடித் தைல டப்பியை எடுத்து வந்து நீட்டினேன். அவர் மறுபேச்சில்லாமல் வாங்கி, மூக்கில் நன்றாகத் தேய்த்துக்கொண்டு ஏறிப் போனார்.

சில வாரங்கள் கழித்து, ஒட்டு நன்றாகப் பிடித்துவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். அம்மா போனை இடது காதில் வைத்தே பேசினாள். பிறகு என்னிடம் கொடுத்தாள்.

"சளி உட்டுதாப்பா?"

"எங்க சாமி, இன்னும் ஒழுகிட்டேதான் கெடக்குது."

பக்கத்தில் நின்ற அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வேறு. எனக்கு ஆத்திரமாக வந்தது. கண்காணாத சீமையில் ஒரு மனிதர் மூக்கொழுகக் கிடக்கிறார், இவளுக்கென்ன சிரிப்பு? இப்படிப்பட்டவள் பக்கத்தில் படுக்க முடியாது என்று பாயைச் சுருட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போய்விட்டேன்.