கப்பலில் மூன்றாவது ஆள் இல்லை

சிங்கப்பூரிலிருந்து அண்ணன் மகன் போன் செய்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் போன் இருக்கும். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். அண்ணி தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நடுவில் நின்று நான்தான் ரிசீவரைக் காதில் வைத்திருந்தேன். தன் அம்மா அப்பா இருவருக்கும் கப்பல் சுற்றுலாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாக அவன் சொன்னான். சிங்கப்பூரில் ஏறி, மலேசியா, தாய்லாந்து என்று சில துறைமுகங்களில் நின்று, மறுபடி சிங்கப்பூரிலேயே இறக்கிவிடும் கப்பல். அதை நான் எடுத்துச் சொன்னதும் அண்ணி கீரையிலிருந்து தலையைத் தூக்காமல், "தம்பி, உங்க அண்ணங்கிட்ட சொல்லு. எனக்குக் கப்பலும் வேணாம், கிப்பலும் வேணாம்" என்றார். அண்ணன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார். நான் அவர் பக்கம் திரும்பி, "அண்ணே, அண்ணிக்குக் கப்பல் வேணாமாம்" என்றேன். அவர் கன்னத்து நுரையைத் துடைத்துக்கொண்டே, "இவங்கள யாரு கூப்ட்டாங்கன்னு கேளு" என்றார். கேட்டேன்.

எங்கள் வீட்டில் பேச்சு அப்போது பல வருடங்களாக இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. ஒருவர் சொல்வது மற்றவர் காதில் நன்றாகவே விழும். ஆனால் நான் திருப்பிச் சொல்லும் வரை அது சொல்லப்படாத மாதிரிதான். ரசத்தில் உப்பு அதிகம் என்பதும் கேஸ் தீர்ந்துவிட்டது என்பதும் என் வாய் வழியாகத்தான் போக வேண்டும். நான் வேலை விஷயமாக வெளியூர் போய்விட்டால் அண்ணன் சுவரிடம் பேசுவார். "இன்னிக்கு நாஸ்தா கிடைக்குமா கிடைக்காதா, சுவரே" என்பார். அண்ணி தட்டைக் கொண்டுவந்து வைப்பார். சுவருக்கு மட்டும் பதில் சொல்லமாட்டார்.

இது தொடங்கியது ஒரு சுற்றுலாவில். தொண்ணூறுகளின் நடுவில், கோடை விடுமுறைக்கு எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து வேன் பிடித்துக் கொடைக்கானல் போனோம். அண்ணனுக்கு அணுபுரம் குடியிருப்பில் எலெக்ட்ரீஷியன் வேலை. தெருவில் எதற்கும் அவர்தான் முன்னால் நிற்பார். அரிசி, பருப்பு, ஸ்டவ், குண்டான் எல்லாம் வேனிலேயே வந்தன. மலை ஏறுவதற்கு முன்பு ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். பக்கத்து வீட்டுக் குழந்தை வேனில் வாந்தி எடுத்திருந்தது. அதன் துணியை அலசிவரக் கடைக்குப் பின்னால் இருந்த குழாய்க்கு அண்ணி போனார். புறப்படும்போது அண்ணன் படியில் நின்று ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். வாத்தியார் வூடு வந்தாச்சா, வந்தாச்சு. தபால்காரர் வூடு வந்தாச்சா, வந்தாச்சு. அவர் தன் வீட்டைக் கூப்பிடவில்லை. கூப்பிடுகிறவர் வீடு வந்திருக்காதா என்று எல்லோருமே நினைத்திருக்கிறோம். நான் பின்சீட்டில் பாத்திரங்களுக்கு நடுவில் இருந்தேன். சில கொண்டை ஊசி வளைவுகள் ஏறிய பிறகுதான், குழந்தையின் துணி எங்கே என்று பக்கத்து வீட்டுக்காரம்மா கேட்டார்.

வேனைத் திருப்ப இடம் கிடைத்து நாங்கள் இறங்கி வந்தபோது, அண்ணி கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். துணியைப் பிழிந்து மடித்து மடியில் வைத்திருந்தார். முகத்தில் கோபம் தெரியவில்லை. அண்ணன் பயத்தில் சொன்னாரா, எல்லோரும் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில் சொன்னாரா, தெரியாது. "எங்க போய்த் தொலைஞ்ச?" என்று கேட்டுவிட்டார். அண்ணி அவரைக் கடந்து வந்து, என் பக்கத்தில் பாத்திரங்களோடு உட்கார்ந்து, "தம்பி, உங்க அண்ணங்கிட்ட சொல்லு, வண்டிய எடுக்கலாம்னு" என்றார். சொன்னேன். ஊர் திரும்பினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்த அண்ணன் மகன் படிப்பை முடித்து, சிங்கப்பூரில் வேலைக்குப் போய், கப்பலுக்கு டிக்கெட் எடுக்கும் வரை சரியாகவில்லை.

நான் பத்தாவதோடு நின்றவன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் வேலை. புது ஆட்களிடம் பேச எனக்கு வராது. கல்யாண வீட்டில்கூடப் பந்தி பரிமாறப் போய்விடுவேன், கையில் வாளி இருந்தால் பேச வேண்டாம் என்பதற்காக. அப்படிப்பட்டவன் வீட்டில் மட்டும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தேன். அதில் என் வார்த்தை ஒன்றுகூட இல்லை. அது எனக்குக் கஷ்டமாக இருந்ததா, வசதியாக இருந்ததா என்று கேட்டால் இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கப்பலுக்கு இருவரும் கடைசியில் ஒரே நிபந்தனையோடு சம்மதித்தார்கள். நானும் வர வேண்டும். "தம்பி வந்தா நான் வரேன்" என்றார் அண்ணி. "அவன் இல்லாம அங்க இன்னா பண்றது?" என்றார் அண்ணன், சுவரைப் பார்த்து. வெகுகாலத்துக்குப் பிறகு இருவரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. எடுக்கலாம்தான், நாளும் இருந்தது. ஆனால் அண்ணன் மகன் ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டு, "சித்தப்பா, நீங்க வராதீங்க. அந்த ரூம்ல ரெண்டு பேருக்குத்தான் இடம்" என்றான். பிறகு, "நானும் போகமாட்டேன். கப்பல்ல ஏத்திவிட்டுத் திரும்பிடுவேன்" என்றான். சிறுவனாக இருந்தபோது அவனும் இந்த வேலையைச் செய்தவன்தான்.

மீனம்பாக்கத்தில் அவர்களை விமானம் ஏற்றிவிட்டு வந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வேனில் போனால் கூட்டம் இருக்கும். ரயிலில் போனால் எதிர் சீட்டில் ஒருவர் இருப்பார். லாட்ஜில் சண்டை வந்தால் ஒருவர் கோபித்துக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்துவிடலாம். ரொம்பவும் முடியாவிட்டால் பஸ் பிடித்து ஊருக்கே வந்துவிடலாம். கடலுக்கு நடுவில் எங்கே இறங்குவது? அண்ணன் கப்பல் சுவரிடம் பேசுவார் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்த அன்று நான் ஆபீஸ் வேனோடு விமான நிலைய வாசலில் நின்றேன். இருவரும் ஒரே தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். "இப்படித் தள்ளினா பெட்டி விழாம இன்னா பண்ணும்?" என்றார் அண்ணி. நான் பழக்கத்தில் அண்ணன் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன், "நீ கைய எடு, நான் ஒழுங்காத் தள்றேன்" என்றார். அண்ணி கையை எடுக்கவில்லை. இரண்டு பேரும் என்னைத் தாண்டி வேனைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தார்கள். நான் திறந்த வாயோடு பின்னால் போனேன்.

மறுநாள் தெருப் பெண்கள் வந்தார்கள். வெளியூர் போய்வந்தால் எதையாவது பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். திருப்பதி என்றால் லட்டு, காசி என்றால் கயிறு. கப்பலில் என்ன இருக்கிறது? அண்ணி தினமும் சாப்பாட்டு மேஜையிலிருந்து சேர்த்துவைத்த சர்க்கரைப் பொட்டலங்களையும் விரல் நீளத் தேன் பாட்டில்களையும் தாம்பாளத்தில் பரப்பி, பக்கத்தில் குங்குமம் வைத்து, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரம்மா சர்க்கரைப் பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எந்த சாமி பிரசாதம் அக்கா இது?" என்றார். "கப்பல் சாமி. மூணு வேளையும் ஒக்கார வெச்சு சோறு போட்டுச்சு" என்றார் அண்ணி.

அதன் பிறகு ஆபீசில் யாராவது விசாரித்தால் சொல்வதற்காகக் கப்பல் எப்படி என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்டுவைத்தேன். ஒருவர் சொன்னது மற்றவருக்கு ஒத்துவரவில்லை. பெட்டியை ஒருமுறை திறந்து துணியை அடுக்கினால் கடைசி வரை மூட வேண்டாம், நாம் தூங்க ஊர் தானாக மாறுகிறது, குளியலறைக்கு வரிசை இல்லை, ஒரு தட்டு கழுவவில்லை என்றார் அண்ணி. வேனில் போனால் இரண்டு வேளை சமையல், இரண்டு வேளை பாத்திரம், நடுவில் கொஞ்சம் மலை, அவ்வளவுதானே என்று கேட்டார். அண்ணனுக்கோ எதுவுமே பிடிபடவில்லை. ஒரு ஊரில் இறங்கினால் பார்க்கத் தொடங்குவதற்குள் ஏறு என்கிறார்கள், நடுவில் நிறுத்தி ஒரு டீ குடிக்க வழி இல்லை, எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர், அதில் கால் நனைக்கக்கூட முடியாது, அதற்கு மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறினால் போதாதா என்றார். ஆனால் அடுத்த வருஷமும் போகலாம் என்று முதலில் சொன்னவர் அண்ணன். வேண்டாம் என்றவர் அண்ணி. இதை வைத்துக்கொண்டு வாடிக்கையாளருக்கு நான் என்ன சொல்வது?

வீடும் எனக்குப் புரியாத இடமாகிவிட்டது. அவர்கள் பேசினார்கள் என்பதைவிடச் சண்டை போட்டார்கள் என்பதே சரி. கேஸ், கொசுவலை, மின்விசிறியின் வேகம், எதற்கும் சண்டை. இத்தனை வருஷத்து மிச்சத்தையும் சேர்த்துப் பேசித் தீர்ப்பதுபோல இருந்தது. முன்பு வீடு அமைதியாக இருந்தது, அதை நோய் என்று நினைத்தோம். இப்போது தெருமுனை வரை சத்தம் கேட்டது, அதைக் குணம் என்று எடுத்துக்கொள்வதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஆபீசிலிருந்து வந்தால் வீடு பூட்டியிருந்தது. இருவரும் என்னிடம் சொல்லாமல் மாமல்லபுரம் போயிருந்தார்கள். வாசலில் உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸில் யார் ஜன்னலோரம் உட்கார்ந்தது என்று சண்டை போட்டுக்கொண்டே சாயங்காலம் வந்தார்கள். சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது என்று தெரிந்தது. எனக்கு மட்டும் வேலை போய்விட்டதுபோல் இருந்தது.

அந்த மாதத்திலேயே எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கினார்கள். எனக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தது. அதுவரை அந்தப் பேச்சை யாரும் எடுக்காதது கூச்ச சுபாவக்காரன் என்பதாலா, நடுவில் ஆள் வேண்டும் என்பதாலா என்று யோசித்திருக்கிறேன். கேட்டதில்லை. அவர்களுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. கருங்குழியில் பெண் அமைந்தது. தனிக் குடித்தனம் வைத்தார்கள்.

கப்பலில் முதலில் யார் பேசியது என்பதை மட்டும் அண்ணனிடம் ஒருமுறை டீக்கடையில் கேட்டேன். "உங்கண்ணிதான்" என்றார் உடனே. மேல்தளத்துக்குப் போய்த் திரும்பிய அண்ணனுக்கு அறை எண் மறந்துவிட்டது. தாழ்வாரத்தில் எல்லாக் கதவும் ஒரே மாதிரி. கதவைத் திறக்கும் அட்டையைச் சொருகிச் சொருகிப் பார்த்துக்கொண்டு வந்தாராம். ஒரு கதவு திறந்து, அண்ணி "உள்ள வாங்க" என்றாராம். "ஜெயிச்சது நாந்தான்" என்று சிரித்தார். நானும் அதையே பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் என் மனைவி, கல்யாணமாகி இத்தனை நாளில் எங்கும் கூட்டிப்போனதில்லை, கப்பலோ வேனோ ஏதாவது ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டாள். ஊருக்கெல்லாம் டிக்கெட் போடுகிறவன் நான். அண்ணியிடம் யோசனை கேட்கப் போனேன். அண்ணன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன கதையை நான் சொன்னதும் அண்ணி உள்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அவரா? மொதல்ல கதவு கதவா அந்த அட்டையச் சொருவிப் பாத்தாரு. சத்தம் கேக்குது. அப்பறம் என் பேரச் சொல்லிக் கூப்ட்டாரு. கல்யாணமான நாள்லேர்ந்து இந்தா, இந்தான்னுதான். அன்னிக்குத்தான் பேரு. நான் கதவாண்டதான் நின்னுகினு இருந்தேன். தெறக்கல."

"ஏன் அண்ணி?"

"இன்னொரு தபா கூப்டட்டும்னுதான்." புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "அவரு தாண்டிப் போயிட்டாரு. திரும்பி வர்றதுக்குள்ள எனக்கே பயமாப் பூடுச்சு. வேற பக்கம் போயிட்டா நான் யார இன்னான்னு கேக்கறது? அதான் தெறந்தேன்."

அப்படியென்றால் கப்பலில் போவது நல்லதா கெட்டதா என்று நான் கேட்டேன். "அது கப்பலப் பத்தி இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டு, அண்ணனுக்குக் காபி போட எழுந்தார்.

வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தேன். கூட்டம் இல்லாத இடத்தில், நாள் முழுக்க, எதிரில் அவள் மட்டும். அண்ணனுக்கும் அண்ணிக்கும் பேசாமல் சேர்த்துவைத்தது நிறைய இருந்தது. எனக்கு அப்படி ஏதாவது உண்டா? ஒன்பதாவது படிக்கும் என் மகள் சமையலறையிலிருந்து வந்து நின்றாள். "அப்பா, கப்பலா வேனான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க. இன்னா சொல்லட்டும்?" அவள் ஒரு கால் ஏற்கெனவே சமையலறைப் பக்கம் திரும்பியிருந்தது. அந்த நிற்பு எனக்குத் தெரியும்.

"நீ போய்ப் படி. நானே சொல்லிக்கிறேன்" என்றேன்.

எழுந்து போய்விட்டேனே தவிர, பதில் இன்னும் முடிவாகவில்லை. மனைவி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நிலைப்படியில் நின்றேன். பிறகு, "கப்பல்ல போனா, அவ்ளோ நேரம் நான் உன்கிட்ட இன்னா பேசறது?" என்று கேட்டேன்.

அவள் திரும்பாமலேயே, மீதியையும் சொல்லுங்கள் என்பதுபோல அடுப்பைச் சின்னதாக்கினாள்.