பாவி தேவைப்பட்ட மத்தியானம்

நான்கு பெண்களுக்கு அப்புறம் ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்ததால் அவளுக்கு வேண்டா என்று பெயர் வைத்தார்கள். போதும் சாமி என்று கடவுளுக்கு அடித்த தந்தி அது. ஆனால் அவர் அதற்குள் அந்தத் தலையில் அஞ்சு பேருக்கான மூளையை வைத்து அனுப்பிவிட்டார்.

திருக்கழுக்குன்றம் மலைக்குக் கிழக்கே, மகாபலிபுரம் போகிற சாலையோரத்தில் அவர்கள் சேரி. வாத்தியார் பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் வேண்டா விடையைச் சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிடுவாள். அதில் யாருக்கும் தொந்தரவில்லை. மற்ற விஷயங்களுக்கு வாயைத் திறந்தால்தான் வம்பு.

பக்கத்து வீட்டுச் சந்திரம்மாவின் ஆடு செத்துப்போய் அவள் மாரடித்துக்கொண்டு அழுதபோது, வேண்டா அருகில் போய்க் குந்தினாள். "அதுக்கு வயசாயிடுச்சிக்கா. பல்லெல்லாம் தேஞ்சி பூட்ச்சி. எப்டியும் தையோட செத்துதான் இருக்கும்" என்று ஆறுதல் சொன்னாள்.

சந்திரம்மா இன்னும் பலமாக அழுதாள்.

நிஜத்தைச் சொன்னால் அழுகை ஏன் கூடுகிறது? வேண்டாவுக்கு விடை வராத கணக்கு இது ஒன்றுதான். ஆடு மேய்க்கும்போதெல்லாம் யோசித்துப் பார்ப்பாள். வராது. விட்டுவிட்டுக் கழுகுகளைப் பார்ப்பாள்.

மலை உச்சியில் தினமும் உச்சிவேளைக்கு இரண்டு வெள்ளைக் கழுகுகள் வந்து, பாறைமேல் வைக்கிற சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் போகும். சில நாள் வராது. வராவிட்டால் கூட்டத்தில் யாரோ பாவி இருக்கிறான் என்பது ஜனங்களின் கணக்கு. வேண்டாவின் கணக்கு வேறு. எங்காவது மாடு செத்துக் கிடந்தால் அவை வராது. கறிச்சோறு கிடைக்கிற அன்றைக்குப் பொங்கலுக்கு எவன் மலையேறுவான்?

அந்தக் கழுகுகளைப் பார்க்கக் காசியம்மாள் அத்தைக்கு ரொம்ப நாளாக ஆசை. வேண்டாவின் அப்பாவோடு பிறந்தவள். இரண்டு பிள்ளை பெற்று இரண்டையும் மண்ணுக்குக் கொடுத்தவள். இப்போது மூன்றாவது வயிற்றில். கழுகு தரிசனம் கிடைத்தால் இது தங்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆனால் போகப் பயம். கோயிலுக்குள் எல்லாரும் போகலாம் என்ற சட்டம் வந்து, அது மலையும் ஏறிச் சில வருஷம் ஆகிவிட்டது. சேரி இன்னும் அடிவாரத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

ஒருநாள் காலை ஏரிக்கரையில் எருமை ஒன்று செத்துக் கிடந்ததை வேண்டா பார்த்தாள். ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள்.

"அத்த, கெளம்பு. இன்னிக்கே மலைக்குப் போலாம்."

"இன்னாடி திடீர்னு?"

"நான் கையப் புட்ச்சிகினு வரேன். வா."

தன் கணக்கைச் சரிபார்க்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது. பெரியவர்கள் துணை இல்லாமல் மலைக்கு விடவும் மாட்டார்கள்.

அத்தை படிக்குப் படி உட்கார்ந்து, மூச்சு வாங்கி, முருகா என்று ஏறினாள். உச்சியில் நல்ல கூட்டம். பொங்கல் வைத்தாயிற்று. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். வெயில்தான் இறங்கிற்று, கழுகு இறங்கவில்லை. கடைசியில் பொங்கல் வைத்தவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"பாத்தியா அத்த! நான் நெனச்ச மாரியே!" வேண்டா குதித்தாள்.

"எவளோ பாவி வந்திருக்கா இன்னிக்கு" என்றார் குடை பிடித்திருந்த ஒருவர். சொல்லிவிட்டு அத்தையின் சேலையை மேலும் கீழும் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு அத்தையைச் சுற்றி இடம் காலியாயிற்று.

"நான்தாண்டி" என்றாள் அத்தை, குரலே எழும்பாமல். "ரெண்டையும் முழுங்கின பாவி. இதயும்..." இரண்டு கையாலும் வயிற்றை மறைத்துக்கொண்டாள்.

"ஐய, நீ இல்ல அத்த. ஏரியில எரும செத்துக் கெடக்குது. காலைலயே பாத்தேன். கயுகு ரெண்டும் அங்கதான் துன்னப் போயிருக்கும்."

அத்தை அவளையே பார்த்தாள். "வராதுன்னு தெரியுமா உனக்கு? தெரிஞ்சா இட்டாந்த?"

கோபமே இல்லாமல் கேட்டாள். விடை வேண்டாவுக்குத் தெரியும். தெரிந்த விடையை அவள் சொல்லாமல் விட்டது அன்றைக்குத்தான். சந்திரம்மாவின் ஆடு என்னவோ ஞாபகத்துக்கு வந்தது.

குடைக்காரரைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். இவர்களுக்கு எருமை போதாது. பாவிதான் வேண்டும். சரி, கொடுத்துவிட்டால் போச்சு.

பாறைமேல் ஏறினாள். "ஐயா! அம்மா! நான்தான் பாவி! வாத்தியார் பொடி டப்பால மொளகாத்தூள் போட்டேன். முனிசாமி மாமா கோவணத்த காத்தாடிக்கு வாலு கட்டினேன். பிள்ளையாருக்கு வெச்ச கொயக்கட்டய அவருக்கு முந்தி நான் துன்னேன். எல்லாம் நான்தான்!"

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். குடைக்காரர் சிரிக்கவில்லை. "எறங்குடி சனியனே! உன்னாலதான் இத்தனை பேருக்குத் தரிசனம் கெட்டுது" என்று குடையை ஓங்கினார்.

காசியம்மாள் நடுவில் வந்து நின்றாள். எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"யோவ் கொடக்காரரே! யாராண்ட ஓங்கற? கொயந்தைக்கு இன்னாய்யா பாவம் கீது? கயுகு வர்லன்னா எங்கியோ துன்னுகினு கீது! ஏரியில எரும செத்துக் கெடக்குது, போய்ப் பாரு! அதுக்கு இந்தப் புள்ள இன்னா பண்ணும்?"

மலையே கேட்டது. குடை மெதுவாக மடங்கிற்று.

இறங்கி வரும்போது பாதி தூரத்தில் அத்தை மூச்சு வாங்க ஒரு படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே, "கோவணத்தயாடி வாலு கட்டின?" என்றாள். வேண்டா தலையாட்டினாள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடிவாரம் வந்ததும், "அந்த எரும எங்க கீது? காட்டு" என்றாள்.

ஏரிக்கரையில் மஞ்சள் மூக்கும் வெள்ளை உடம்புமாக இரண்டு கழுகுகள் எருமையைச் சுற்றித் தத்திக்கொண்டிருந்தன. அத்தை செருப்பில்லாத காலைச் சேர்த்து வைத்து, அந்த நாற்றத்திலேயே கும்பிட்டாள்.

"மேல வர்லன்னா இன்னா. நம்மளுக்காகக் கீழ வந்துகிறாங்க."

வேண்டா உற்றுப் பார்த்தாள். மலைக்கழுகில் ஒன்றுக்கு இடது இறக்கையில் ஓர் இறகு இல்லை. கீழேயிருந்து பார்த்தாலே தெரியும். இங்கே இரண்டுக்கும் இறக்கை முழுசாக இருந்தது. இவை அவை இல்லை. அப்படியென்றால் தன் கணக்கும் தப்பு. சொல்ல வாய் தானாகத் திறந்தது.

"இவங்கதானேடி?" என்றாள் அத்தை. கை வயிற்றின்மேல் இருந்தது. இப்போது மறைக்கவில்லை, தடவிக்கொடுத்தது.

வேண்டா திறந்த வாய்க்கு அவசரமாக வேறு வார்த்தை தேடினாள்.

"ரெண்டும் இன்னா மாரி துன்னுகினு கீது பாரு, அத்த."

அத்தை சிரித்தபடி முன்னே நடந்தாள். வேண்டா பின்னால் நடந்துகொண்டே, யாருக்கும் தெரியாமல், தலையைத் தூக்கிக் கடல் பக்கத்து வானத்தைப் பார்த்தாள். அவை ரெண்டும் எங்கேதான் போயிருக்கும்?